சிவப்பு அட்டையில் ஒரு காலி வரி

அண்ணை,

எங்கள் ஆபீசில் ஏசி சரியில்லை. சரியில்லை என்றால் குளிர் கூடிப்போய்விட்டது என்று அர்த்தம்; இந்த வளைகுடா ஊரில் இருந்தவர்களுக்கு அது தெரியும். வெளியே வெயில் தார் ரோட்டை இளக்குகிறது, உள்ளே நாங்கள் விரல் விறைத்து உட்கார்ந்திருக்கிறோம். அதனால் நேற்று அலமாரியின் அடித்தட்டிலிருந்து அந்தப் பழைய சாம்பல் நிற ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். ராஸ் அல் கைமாவில் உங்களோடு வேலை செய்த வருடங்களில் நான் போட்டிருந்தது. 'பாலைவனத்துக்கு வந்து கம்பளி போடுத ஆளை இப்பதான் பாக்கேன்' என்று கேலி செய்வீர்களே, அதேதான்.

பத்து மணிக்கு டீ வந்தது. குளிருக்குக் கையைப் பைக்குள் விட்டேன், ஏதோ கம்பி குத்தியது. வெளியே எடுத்துப் பார்த்தால் சிவப்பு அட்டை.

உள்ளங்கை அளவு தடித்த அட்டை. மேலே நம் கம்பெனியின் பெயர் அச்சில் இருக்கிறது. அந்தப் பெயரில் இப்போது உலகத்தில் எந்த வண்டியும் செய்யப்படுவதில்லை. ஓட்டையில் கோர்த்த கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி, முனையை உள்ளே மடக்கியிருந்தீர்கள். மடக்கிய முனை இத்தனை வருடத்தில் எப்படியோ நிமிர்ந்து கம்பளியில் துருக்கறை விட்டிருந்தது. அட்டையில் வண்டி எண், அதன் கீழே உங்கள் கையெழுத்தில், தமிழில்: 'பின் அச்சு பிராக்கெட். விரிசல்.' அதன் கீழே உங்கள் கையொப்பம். ஆங்கிலத்தில் நான் நிரப்ப வேண்டிய வரி காலி. சரிபார்த்தவர் என்ற இடமும் காலி.

நான் ஒன்றும் செய்யவில்லை. அட்டையை மேசையில் வைத்துவிட்டு ஆறிப்போன டீயைக் குடித்தேன். எட்டு மாதத்துக்கு முன் உங்கள் வீட்டிலிருந்து போன் வந்த அன்றும் இப்படித்தான் இருந்தேன். நீங்கள் போய்விட்ட செய்தியைக் கேட்டேன், 'சரி' என்றேன், போனை வைத்துவிட்டு மீதி வேலையை முடித்தேன். அழுகை வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. இன்னும் வரவில்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் என்னை ஒர்க்ஷாப்புக்குள் கூட்டிப்போய்க் காட்டியவர் நீங்கள். நீங்கள் ஃபோர்மேன், தூத்துக்குடிக்காரர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வாரண்டி கிளார்க். லாரியின் அச்சு எது, கியர்பாக்ஸ் எது என்றுகூடத் தெரியாது. முதல் நாளே நீங்கள் என்னைத் தங்கச்சி என்றீர்கள், நான் உங்களை அண்ணை என்றேன், அதன் பிறகு பெயர் தேவைப்படவே இல்லை. நம் இருவருக்கும் இடையில் ஓடிய வேலை இந்தச் சிவப்பு அட்டைதான். உத்தரவாதக் காலத்துக்குள் ஒரு பாகம் பழுதானால் நீங்கள் கழற்றி, அட்டை கட்டி, காரணத்தை எழுதுவீர்கள். உங்களுக்கு ஆங்கிலம் எழுத வராது, அதனால் தமிழில் எழுதுவீர்கள். நான் அதை ஆங்கிலமாக்கி ஐரோப்பாவில் இருந்த தொழிற்சாலைக்கு அனுப்புவேன். வண்டி எங்கே எப்படிப் பழுதாகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேறு வழி கிடையாது.

அந்தத் தொழிற்சாலையைப் பற்றி நீங்கள் சொல்லாத நாள் இல்லை. அந்த வண்டிகளை இங்கே விற்ற நம் ஏஜென்சி ஒருமுறை உங்களை மூன்று வாரப் பயிற்சிக்கு அங்கே அனுப்பியிருந்தது. ஒரு குளிர் பள்ளத்தாக்கு, நடுவே ஆறு, ஆற்றங்கரையில் சிவப்புச் செங்கல் கட்டடம். மலைக்கிராமத்துப் பாலை இறக்கிக் கொண்டுவருவதற்காக அண்ணன் தம்பி இரண்டு பேர் அங்கே ஒரு பட்டறையில் முதல் லாரியைக் கட்டினார்களாம். பிறகு பட்டாளத்துக்கு லாரி, நகரங்களுக்குப் பஸ், அப்புறம் கப்பலேறி நம் பக்கம். ஊரில் யாரைக் கேட்டாலும் அப்பா அங்கே வேலை, மகன் அங்கே வேலை. வண்டி வெளியே போகுமுன் ஒரு வயதான தொழிலாளி சின்னச் சுத்தியலால் சட்டத்தைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பாராம். நீங்களும் திரும்பி வந்ததிலிருந்து சுத்தியல் இல்லாமல் வண்டிக்குக் கீழே போனதில்லை. தொழிற்சாலை வாசலில் நின்று எடுத்த போட்டோவை உங்கள் லாக்கர் கதவுக்குள் ஒட்டியிருந்தீர்கள். இரவல் கோட்டு, கை விரலை மூடுகிற நீளம். அதில் நீங்கள் சிரிக்கிற சிரிப்பைப் பிறகு நான் எங்கும் பார்க்கவில்லை.

நல்ல காலம் அது. மலையில் இருந்த கல்குவாரிகளுக்கு வேறு கம்பெனி வண்டிகள் ஏறி ஏறி மூச்சு வாங்க, நம் டிப்பர்கள் கல் நிறைந்த பாரத்தோடு போய் வந்தன. பட்டாணியர் இனத்து டிரைவர்கள் அவற்றை ஒட்டகம் என்றே சொன்னார்கள். குவாரிக்காரர்கள் ஒன்று வாங்கிப் பார்த்துவிட்டு வரிசையாக வாங்கினார்கள். லாரியைத் தொடர்ந்து, தொழிலாளர் கேம்பிலிருந்து ஆட்களை ஏற்றிப் போகும் பஸ்களும் வந்தன. விடியற்காலையில் சிமென்ட் ஆலைப் பக்கம் நின்றால் நம் பெயர் நெற்றியில் இருக்கும் பஸ்தான் பத்துக்கு எட்டு. தொழிற்சாலையிலிருந்து எனக்கு வரும் பதில் கடிதங்களை ஒரே பெண்மணிதான் எழுதுவார். வேலை விஷயம் முடிந்ததும் கடைசி வரியில் 'இன்று இங்கே பனி விழுகிறது' என்று போடுவார். அதை உங்களுக்கு வாசித்துச் சொல்வேன். நீங்கள் நெற்றி வேர்வையை வழித்து உதறியபடி, நமக்குக் கொஞ்சம் அனுப்பச் சொல்லு என்பீர்கள்.

பிறகு கடிதத்தின் தலைப்பு மாறியது. நம் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய கம்பெனியின் பெயர் சின்னதாக வந்தது. அடுத்த வருடம் அந்தப் பெயர் பெரிதாகி நம் பெயர் சின்னதானது. பனியைப் பற்றி எழுதிய பெண்மணியின் கடிதங்கள் நின்றுபோயின. பதில்களின் கீழே ஆள் பெயர் இல்லாமல் 'குழு' என்று மட்டும் இருந்தது. அதே சமயத்தில் புது மாடல் பஸ்கள் இறங்கின. பார்க்க லட்சணமாக இருந்தன. முதல் பஸ்ஸுக்குக் கீழே போய்ச் சுத்தியலால் தட்டிவிட்டு வந்த நீங்கள், தகடு மெலிசா இருக்கு என்று மட்டும் சொன்னீர்கள்.

ஒரு வருடம் ஆகுமுன் விரிசல் வந்தது. பின் அச்சைத் தாங்குகிற பிராக்கெட்டில், மடிப்புக்குப் பக்கத்தில், தலைமுடி மாதிரி ஒரு கோடு. நீங்கள் எனக்கு டார்ச் அடித்துக் காட்டினீர்கள். சிவப்பு அட்டையை எடுத்துக்கொண்டு வந்த என்னிடம் அது வேண்டாம் என்றீர்கள். கோடு விழுந்த இடத்தில் தகடு வைத்து வெல்டிங் பண்ணி, பெயின்ட் அடித்து, முன்னைவிட உறுதியாக்கி அனுப்பினீர்கள். ஏன் எழுதக்கூடாது என்று கேட்டேன்.

"நம்ம புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னா ஊர் பூரா சொல்லுவோமா தங்கச்சி? நாமளே பாத்துக்கிட மாட்டோமா?"

எனக்கு அது நியாயமாகவே பட்டது. இங்கே எல்லோரும் அப்படித்தானே இருந்தோம். வெள்ளிக்கிழமை நீங்கள் வீட்டுக்குப் போன் பண்ணும்போது ஒருமுறை பக்கத்தில் இருந்தேன். வெல்டிங் தீ பட்டு உங்கள் இடது கை முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது. எல்லாம் சுகம், சாப்பாடெல்லாம் பிரமாதம், இங்க ஒரு குறையும் இல்ல என்று அந்தக் கையாலேயே போனைப் பிடித்துப் பேசினீர்கள். நான் மட்டும் என்ன. கணவருக்கு வேலை போய் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்த மாதங்களில், அம்மாவுக்கு நாங்கள் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறோம் என்றுதான் சொன்னேன். முதலாளி கேட்டாலும், போலீஸ் கேட்டாலும், டாக்டர் கேட்டாலும் நமக்கு வாயில் வருவது 'மாஃபி முஷ்கில்'தான். பிரச்சினை இல்லை. அரபு மொழியில் முதலில் படித்த சொல்லே அதுதான்.

அடுத்தடுத்து வந்த பஸ்களுக்கும் அதையே செய்தீர்கள். மறைக்க முடியாத ஒன்றிரண்டை மட்டும் அனுப்பினோம். அட்டையில் நீங்கள் 'விரிசல்' என்று எழுதியதை நான் 'அளவுக்கு மீறிய பாரம்' என்று ஆங்கிலமாக்கினேன். அப்படிப் போட்டால் குற்றம் பஸ்ஸின் மேல் வராது. மேனேஜருக்கும் அது பிடித்தது. அந்த வருடம் இந்த வட்டாரத்திலேயே மிகக் குறைந்த புகார் அனுப்பிய ஒர்க்ஷாப் என்று தொழிற்சாலை நமக்குக் கண்ணாடிக் கேடயம் அனுப்பியது. எல்லாருக்கும் பிரியாணி. உங்களை நடுவில் நிறுத்தி, கேடயத்தைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். நீங்கள் கேமராவைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

பிறகு அந்தக் குவாரி இறக்கம். கேம்ப் பஸ் ஒன்று பாதி வழியில் நின்றுவிட்டது என்று ரிகவரி வண்டியோடு போனீர்கள். பிராக்கெட் முழுதாக அறுந்து பின் அச்சு ஒரு பக்கம் நகர்ந்திருந்தது. டிரைவர் கெட்டிக்காரர், மலைச்சுவரோரமாக உரசி நிறுத்திவிட்டார். யாருக்கும் அடியில்லை. ஆனால் ஒரு பஸ் நிறைய ஆட்கள் சாப்பாட்டுக் கேரியர்களைப் பிடித்துக்கொண்டு வெயிலில் வரிசையாக நின்றதைப் பார்த்துவிட்டு வந்து அதை மட்டும் இரண்டு தடவை சொன்னீர்கள். அது உங்கள் கையில் அதுவரை வராத பஸ். நீங்கள் தகடு வைக்காத பஸ்.

அன்றைக்கு அறுந்த பிராக்கெட்டைக் கழற்றிக்கொண்டு வந்து, சிவப்பு அட்டையைக் கேட்டு வாங்கி, எழுதி, கம்பி சுற்றி, என் மேசைக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். அந்த அட்டைதான் இது.

நான் அதை அனுப்பவில்லை. அனுப்பினால் அதுவரை போன ரிப்போர்ட்டெல்லாம் என்ன என்று கேட்பார்கள். எல்லாவற்றிலும் உங்கள் கையெழுத்து இருந்தது, என் ஆங்கிலம் இருந்தது. இரண்டு நாள் போகட்டும் என்றேன். நீங்கள் அவசரப்படுத்தவில்லை. இரண்டு வாரத்தில் தொழிற்சாலை இன்ஜினியரே நேரில் வருவதாகச் செய்தி வந்தது. அவரிடமே சொல்லிவிடலாம், அதுதான் மரியாதை என்றீர்கள்.

வந்தவர் மெலிந்த மனிதர். மூக்கு வெயிலில் தோலுரிந்திருந்தது. அவர் கேட்ட கேள்வியை நான் ஒருநாளும் மறக்கப்போவதில்லை. வேறு நாடுகளில் இந்தப் பஸ்ஸில் விரிசல் வருவதாகச் சில புகார்கள். உலகத்திலேயே மோசமான வெயிலும் பாதையும் உங்களுடையது. ஆனால் உங்களிடமிருந்து அப்படி ஒரு புகார்கூட இல்லை. உங்களிடமே இல்லையென்றால் கோளாறு பஸ்ஸில் இருக்க முடியாது, அந்த நாடுகளின் பாதையில்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் மேலிடம் சொல்கிறது. எனக்கு அதில் திருப்தி இல்லை. உங்கள் ஃபோர்மேன் என்ன சொல்கிறார்?

மேனேஜர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் கேள்வியைத் தமிழில் உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் சுத்தியலை பெஞ்சில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துப் பேசினீர்கள்.

"இருக்குன்னு சொல்லு தங்கச்சி. இங்கயும் இருக்கு. நான்தான் ஒட்டி ஒட்டி அனுப்புனேன். தகடு மெலிசு, கட்டுறதை நிறுத்தச் சொல்லு."

அன்று காலை எட்டு மணிக்கே நான் பிராக்கெட்டிலிருந்து அட்டையைக் கழற்றி இந்த ஸ்வெட்டர் பையில் போட்டிருந்தேன். பிராக்கெட்டைப் பழைய இரும்போடு சேர்த்துத் தள்ளியிருந்தேன். ஏன் என்று கேட்டால் உங்கள் விசாவைக் கேன்சல் பண்ணிவிடுவார்கள் என்று பயந்தேன் என்பேன். அது உண்மை. என் விசாவையும்தான். மகள் அந்த வருடம் பத்தாம் வகுப்பு, வீட்டில் என் ஒருத்தியின் வேலைதான். அதுவும் உண்மை. இன்ஜினியர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே அப்படி எதுவும் இல்லை என்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

நீங்கள் என்னைத் திருத்தவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு மூன்றாவது தடத்தில் நின்ற லாரிக்குக் கீழே போய்விட்டீர்கள். இன்ஜினியர் தன் நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டு, என் கையைக் குலுக்கி நன்றி சொன்னார். அன்று கழற்றி வைத்த ஸ்வெட்டரை நேற்றுவரை நான் போடவில்லை.

அதன் பிறகு அந்தப் பஸ்ஸை அவர்கள் நிறுத்தவில்லை. இரண்டு வருடம் அதையே கட்டினார்கள். நீங்கள் குவாரிக் கேம்புகளுக்கு வெள்ளிக்கிழமைகளில் வெல்டிங் செட்டோடு போய், யாரும் கேட்காமலே, எட்டிய பஸ்ஸுக்கெல்லாம் தகடு வைத்தீர்கள். இங்கே ஒன்றும் ஆகவில்லை. எங்கேயோ ஒரு மலைநாட்டில் ஒரு பஸ் சரிவில் கவிழ்ந்ததாகக் கேள்விப்பட்டோம். காரணம் பிராக்கெட்தானா என்று எனக்குத் தெரியாது. எத்தனை பேர் என்று நான் தேடிப் பார்க்கவில்லை. நீங்கள் தேடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்த வாரம் முழுக்க நீங்கள் கேன்டீன் பக்கமே வரவில்லை. கொஞ்ச நாளில் அந்த மாடல் பஸ்களையெல்லாம் கம்பெனியே திரும்பக் கூப்பிட்டது. அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. பெரிய கம்பெனி முழுதாக வாங்கியது, பள்ளத்தாக்குத் தொழிற்சாலையை மூடியது, பெயரை எடுத்துவிட்டது. கடன் கூடிப்போச்சு, சீனா வண்டியோடு போட்டி போட முடியல, மேலிடத்தில் சண்டை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இருக்கலாம். ஒரு சிவப்பு அட்டை இல்லாததால் அவ்வளவு பெரிய தொழிற்சாலை விழுந்துவிடாது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். முழுதாக நம்ப முடிந்ததில்லை.

மூடிய வாசலின் படத்தை யாரோ போனில் அனுப்பியிருந்தார்கள். உங்கள் போட்டோவில் இருந்த அதே கேட், சங்கிலி போட்டிருந்தது. கேட்டுக்கு வெளியே தொழிலாளிகள் ஒரு வேலையும் இல்லாமல் நின்றார்கள். நீங்கள் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தீர்கள். சுத்தியல்காரரைத் தேடுகிறீர்கள் என்று எனக்குப் புரிந்தது. அவர் அதில் இல்லை.

நம் ஏஜென்சி சீன வண்டிக்கு மாறியது. போர்டை இறக்கிய அன்று உங்களுக்கு வயது கூடிவிட்டது என்று காகிதம் கொடுத்தார்கள். கடைசி டீயை வாசல் நிழலில் நின்று குடித்தோம். இத்தனை வருடத்தில் இன்ஜினியர் வந்த அந்த நாளைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நீங்கள் காலிக் கப்பை நசுக்கிக்கொண்டே சொன்னீர்கள்.

"எனக்கும் இங்கிலீஷ் தெரியும்லா தங்கச்சி. நீ என்ன சொன்னன்னு அன்னைக்கே வெளங்கிட்டு. நானும் வாயத் தொறக்கல."

உங்கள் பங்கை நீங்கள் எடுத்துக்கொண்டால் என் பங்கு குறையும் என்று நினைத்தீர்களா? குறையவில்லை அண்ணை.

ஊருக்குப் போன பிறகு மாதம் ஒருமுறை பேசினீர்கள். எப்படி இருக்கிறீர்கள் என்றால் மாஃபி முஷ்கில் என்று சிரிப்பீர்கள், சிரிப்புக்கு நடுவில் இருமுவீர்கள். ஊர்த்தூசி என்பீர்கள். எட்டு மாதத்துக்கு முன் போன் பண்ணிய உங்கள் மனைவி, இரண்டு வருடமாகவே நுரையீரல் சரியில்லையாம், ரிப்போர்ட்டையெல்லாம் டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார், இப்போதுதான் எங்கள் கண்ணிலேயே பட்டது என்றார்கள். என்னிடமாவது நீங்கள் சொன்னீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அந்த அம்மாவுக்கு என்மேல் கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ராஸ் அல் கைமாவை விட்டு வந்து இப்போது நான் கராமாவில் இருக்கிறேன். ஸ்கூல் பஸ் கம்பெனி ஒன்றில் வேலை. மாலையில் வண்டியை விட்டுவிட்டு வரும் டிரைவர்கள் என் மேசை முன் வந்து, வண்டியில் என்ன குறை என்று எழுத வேண்டும். யாரைக் கேட்டாலும் 'மாஃபி முஷ்கில், மேடம்' என்று கையெழுத்துப் போட வருவார்கள். நான் பேனாவைக் கொடுப்பதில்லை. பிரேக் சத்தம் போடுதா, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்குதா, கதவு ஒழுங்கா மூடுதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். ஏதாவது ஒன்றைச் சொன்ன பிறகுதான் பேனா. அவர்களுக்கு நான் பெரிய தொல்லை. நேற்றுக்கூட ஒரு நேபாளி டிரைவர் அரை மணி நேரம் நின்று கடைசியில் கிளட்ச் வழுக்குவதைச் சொன்னார்.

அவர் போன பிறகு அட்டையை மறுபடி கையில் எடுத்தேன். அனுப்ப இடமில்லை. அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள் என்று கேள்வி. ஆனாலும் காலியாக இருந்த வரியில், நீங்கள் தமிழில் எழுதிய சொல்லுக்கு நேராக, அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்லோ அதை எழுதினேன். வேறு எதையும் சேர்க்கவில்லை. சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். தேதி போட வேண்டியிருந்தது. பேனா அந்தப் பழைய வருடத்தை எழுதப் போனது, ஒரு நிமிடம் பிடித்து நிறுத்திவிட்டு, நேற்றைய தேதியையே போட்டேன்.

அட்டை ஸ்வெட்டரில்தான் இருக்கிறது. கம்பி முனையை நான் மடக்கவில்லை, கையை உள்ளே விடும்போதெல்லாம் குத்துகிறது.

உங்கள் தங்கச்சி